கொழுந்துக் கணக்கும் எழுத்துக் கணக்கும்

மூணாறைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். தேவிகுளம் தாலுக்காவின் பிழைப்பில் பெரும் பங்கு இந்தப் பச்சை இலையில்தான் இருக்கிறது. காலையில் சாக்கோடு மலையில் ஏறுகிறார்கள் தொழிலாளிகள். கொழுந்து எடுக்கிறார்கள். மூட்டையைச் சுமந்து வந்து தராசில் வைக்கிறார்கள்.

எடுத்த கொழுந்தை நிறுக்க வேண்டும். நிறுத்ததை எழுத வேண்டும். எழுதியதைக் கூட்ட வேண்டும். கூட்டியதைக் கூலியாக மாற்ற வேண்டும். கொழுந்து எடுப்பது ஒருவர். எழுதுவது வேறொருவர். கணக்குப் போடுவது இன்னொருவர்.

எழுதப் படிக்கக் கற்ற பிறகு சம்பளச் சீட்டில் உள்ள எண்களை நாம் படித்துவிடுகிறோம். ஆனால் படிப்பது மட்டும் போதுமா? அந்த எண் சரியா என்று பார்க்கவும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு உதவும் ஒரு வழியை இங்கே பார்ப்போம். அதன் பெயர் இயற்கணிதம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை வைத்துக் கணக்கைச் சுருக்கமாக எழுதுவதுதான் அது.

அளவு மாறிய கதை

நம் தாத்தா பாட்டி காலத்தில் கிலோ கிடையாது. ராத்தல்தான். ஆங்கிலேயர் நடத்திய தோட்டங்களில் எல்லாம் ராத்தல் கணக்கு. ஒரு ராத்தல் என்பது சுமார் 454 கிராம். அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோ என்பது சுமார் 2.2 ராத்தல்.

காசும் வேறு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 பை. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை பை? 16 × 12 = 192. இந்தக் கணக்கை மனதில் போடுவது லேசான வேலை அல்ல.

1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனது. எடைக்கும் நீளத்துக்கும் புதிய அளவுகளைக் கொண்டுவரும் சட்டம் 1956இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இப்போது எல்லாம் 10, 100, 1000 என்று போகிறது. மாற்றுவது எளிது.

ஆனாலும் பழைய அளவு முழுவதும் போய்விடவில்லை. துணி மீட்டரில், ஆளின் உயரம் அடியில், நிலம் சென்டில், மழை மில்லிமீட்டரில். ஒரே வீட்டில் இத்தனை அளவுகள்! கணக்கு குழம்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

சின்ன அளவு, பெரிய எண்

ஒரு கூடைத் தண்ணீர்ப் பழத்தைக் கிலோவில் நிறுத்தால் 5 என்று வரும். அதையே கிராமில் சொன்னால் 5000. பழம் கூடவில்லை. அளவு சின்னதாகிவிட்டது. அதனால் எண் பெரிதாகிவிட்டது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்குப் போனால் பெருக்க வேண்டும்.
சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போனால் வகுக்க வேண்டும்.

கிலோவைக் கிராம் ஆக்க 1000ஆல் பெருக்கு. கிராமைக் கிலோ ஆக்க 1000ஆல் வகு. ரூபாயைப் பைசா ஆக்க 100ஆல் பெருக்கு. பைசாவை ரூபாய் ஆக்க 100ஆல் வகு. மணியை நிமிடம் ஆக்க 60ஆல் பெருக்கு. நிமிடத்தை மணி ஆக்க 60ஆல் வகு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பலர் அதில் விழுகிறார்கள். 9 கிலோ 75 கிராம். இதைக் கிலோவில் எப்படி எழுதுவது? 9.75 என்று எழுதலாமா? கூடாது. 75 கிராமை 1000ஆல் வகுத்தால் 0.075. ஆகவே 9 கிலோ 75 கிராம் என்பது 9.075 கிலோ. 9.75 என்று எழுதினால் அது 9 கிலோ 750 கிராம் ஆகிவிடும். ஒரு சைபர் விட்டுப்போனால் 675 கிராம் மாறிவிடுகிறது. கிராமை எழுதும்போது புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வேண்டும். இதை மறக்கக் கூடாது.

தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்து

இன்று எத்தனை கிலோ எடுக்கப் போகிறோம்? காலையில் யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் ஒரு மாதிரி. வெயில் அடித்தால் ஒரு மாதிரி. கொழுந்து நன்றாகத் துளிர்க்கும் மாதத்தில் ஒரு மாதிரி. தெரியாத அந்த எண்ணை எப்படி எழுதுவது?

'எவ்வளவோ அவ்வளவு' என்று சொல்லலாம். நம் நாட்டுக் கணித அறிஞர்கள் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் பாஸ்கரர். அவர் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்றார். அது வடமொழிச் சொல். எவ்வளவோ அவ்வளவு என்பதே அதன் பொருள். ஒரு கணக்கில் இரண்டு மூன்று தெரியாத எண்கள் வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்தார்கள். அவர் எழுதிய 'லீலாவதி' என்ற கணக்கு நூல் காசு, எடை, நீளம் ஆகியவற்றின் வாய்ப்பாட்டோடுதான் தொடங்குகிறது. முதலில் அளவைத் தெரிந்துகொள், பிறகு கணக்கைப் போடு என்பதுதான் அன்றைய முறை. தமிழிலும் காரிநாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' என்ற நூல் உண்டு. அதிலும் அளவுகளும் வாழ்க்கைக் கணக்குகளும் நிறைய இருக்கின்றன.

நாம் நிறத்துக்குப் பதிலாக எழுத்தை வைப்போம். எழுத்து நமக்குப் புதிதாகக் கிடைத்த செல்வம். அதைக் கணக்குக்கும் பயன்படுத்துவோம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். எழுத்தை எழுதும்போதே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அது எதன் எண்? எந்த அளவில்? 'ம என்பது மொத்த எடை' என்றால் பாதிதான் சொன்னோம். 'ம என்பது மொத்த எடை, கிலோவில்' என்றால்தான் முழுதாகச் சொன்னதாகும்.

சாக்கின் எடையைக் கழிப்போம்

இப்போது ஒரு கணக்கு. ஒரு தொழிலாளி ஒரு நாளில் மூன்று தடவை கொழுந்து நிறுத்தார் என்று வைத்துக்கொள்வோம். எடை இப்படி இருந்தது:

முதல் தடவை: 11 கிலோ 400 கிராம்
இரண்டாம் தடவை: 9 கிலோ 750 கிராம்
மூன்றாம் தடவை: 8 கிலோ 350 கிராம்

இது சாக்கோடு சேர்ந்த எடை. ஒரு சாக்கின் எடை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கொழுந்து மட்டும் எத்தனை கிலோ?

முதலில் எல்லாவற்றையும் கிலோவாக எழுதுவோம்.

11.400 + 9.750 + 8.350 = 29.500 கிலோ

இனி எழுத்துக்கு வருவோம்.

ம = மொத்த எடை (கிலோவில்)
த = எத்தனை தடவை நிறுத்தோம்
ச = ஒரு சாக்கின் எடை (கிராமில்)
ந = நம் கணக்கில் வர வேண்டிய கொழுந்தின் எடை (கிலோவில்)

கொழுந்தின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? மொத்த எடையிலிருந்து சாக்குகளின் எடையைக் கழிக்க வேண்டும். சாக்குகளின் எடை த × ச. அவசரப்பட்டு இப்படி எழுதிவிடலாமா?

ந = ம − த × ச

எண்களைப் போட்டுப் பாருங்கள். 29.5 − 3 × 250. அதாவது 29.5 − 750. இருப்பது 29.5. கழிப்பது 750! நடக்கிற காரியமா? எங்கே தப்பு? ம கிலோவில் இருக்கிறது. ச கிராமில் இருக்கிறது. கிலோவிலிருந்து கிராமைக் கழிக்க முடியாது. ரூபாயிலிருந்து முழத்தைக் கழிக்க முடியுமா? அது போலத்தான் இதுவும்.

ஆகவே கிராமைக் கிலோ ஆக்க வேண்டும். 1000ஆல் வகுக்க வேண்டும்.

ந = ம − த × ச ÷ 1000

இப்போது எண்களைப் போடுவோம். 3 × 250 = 750. அதை 1000ஆல் வகுத்தால் 0.750. 29.500 − 0.750 = 28.750. ஆக, கொழுந்து 28 கிலோ 750 கிராம்.

இந்த ஒரு வரி இன்றைக்கு மட்டும் அல்ல. நாளைக்கும் பயன்படும். நாளைக்கு நான்கு தடவை நிறுத்தால் த என்ற இடத்தில் 4. மழையில் நனைந்து சாக்கு கனத்து 400 கிராம் ஆனால் ச என்ற இடத்தில் 400. வரி மாறாது. எண் மட்டும் மாறும். எழுத்துக் கணக்கின் பலன் இதுதான்.

இன்னொரு பலனும் உண்டு. சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று இதையே திருப்பிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். மொத்தம் 29.500. நம் பேரில் எழுதியது 27.100 என்று வைத்துக்கொள்வோம். கழித்தது 2.400 கிலோ. மூன்று தடவைக்கு 2400 கிராம் என்றால் ஒரு தடவைக்கு 800 கிராம். அந்தச் சாக்கு 800 கிராம் இருக்குமா? ஈரத்துக்கும் சேர்த்துக் கழித்தார்களா? எவ்வளவு? இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. தெளிவான கேள்விக்குத்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

கூலிக் கணக்கு

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ எடுக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு நாள் கூலி. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாகக் காசு. அந்தக் காசு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. காலத்துக்குக் காலம் மாறும். மாறுகிற எண் என்றால் என்ன செய்வோம்? எழுத்து வைப்போம்.

கூ = நாள் கூலி (ரூபாயில்)
ப = கூடுதலாக எடுக்கும் ஒரு கிலோவுக்குக் காசு (பைசாவில்)
ந = கொழுந்தின் எடை (கிலோவில்)

எடுக்க வேண்டிய அளவு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால்,

அன்றைய வரவு = கூ + (ந − 25) × ப ÷ 100

ஏன் 100ஆல் வகுக்கிறோம்? ப பைசாவில் இருக்கிறது. வரவு ரூபாயில் வேண்டும். அதனால்தான்.

மேலே சொன்ன தொழிலாளி 28.750 கிலோ எடுத்தார். கூடுதல் 3.750 கிலோ. கிலோவுக்கு 200 பைசா என்று வைத்துக்கொள்வோம். 3.75 × 200 = 750 பைசா. அதாவது 7 ரூபாய் 50 பைசா. நாள் கூலியோடு இது சேர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரி 25 கிலோவும் அதற்கு மேலும் எடுத்தால்தான் பொருந்தும். குறைவாக எடுத்தால் (ந − 25) என்பது கடன் எண் ஆகிவிடும். அப்போது என்ன விதி என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். ஒரு வரி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிந்துகொள்வதும் கணக்கின் ஒரு பகுதிதான்.

2015ஆம் ஆண்டு கணக்கு

2015 செப்டம்பரில் மூணாறில் பெரிய போராட்டம் நடந்தது. தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடு முழுவதும் தெரிந்தது அப்போதுதான். 20 சதவீதம் போனஸ் கேட்டார்கள். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று முடிவானது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 20 வரும்.

அடுத்தது கூலி. அப்போது நாள் கூலி 232 ரூபாய். 500 ரூபாய் வேண்டும் என்று கேட்டார்கள். அக்டோபரில் பேச்சுவார்த்தை நடந்தது. தேயிலைத் தொழிலாளிக்கு 301 ரூபாய் என்று முடிவானது. அதோடு இன்னொன்றும் மாறியது. ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது.

கூலி எவ்வளவு கூடியது? 301 − 232 = 69 ரூபாய். 100 ரூபாய்க்குச் சுமார் 30 ரூபாய் உயர்வு.

ஆனால் வேலையும் கூடியதே! அதனால் இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

முன்பு: 232 ÷ 21 = சுமார் 11 ரூபாய் 5 பைசா
பிறகு: 301 ÷ 25 = 12 ரூபாய் 4 பைசா

கிலோவுக்குக் கூடியது 99 பைசா. 100 ரூபாய்க்குச் சுமார் 9 ரூபாய். பார்த்தீர்களா? நாள் கணக்கில் 30. கிலோ கணக்கில் 9. இரண்டும் பொய் அல்ல. ஒன்று நாளை அளக்கிறது. இன்னொன்று கிலோவை அளக்கிறது. அளவு மாறினால் கதையும் மாறுகிறது. யாராவது 'இவ்வளவு சதவீதம் கூடியது' என்று சொன்னால், 'எந்த அளவில்?' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

சரி, நல்ல கைப்பழக்கம் உள்ள ஒரு தொழிலாளி எப்போதும் 25 கிலோவுக்கு மேல் எடுப்பவர். அவருக்கு எவ்வளவு லாபம்? எழுத்தை வைத்துப் பார்ப்போம். கூடுதல் கிலோவுக்கான காசு ஒரே விகிதம், அது மாறவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முன்பு: 232 + (ந − 21) × ப ÷ 100
பிறகு: 301 + (ந − 25) × ப ÷ 100

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 301இல் 232 போனால் 69. முன்பு 21க்கு மேல் எல்லாம் கூடுதல் கிலோ. பிறகு 25க்கு மேல்தான் கூடுதல். நடுவில் உள்ள 4 கிலோவுக்கான தனிக் காசு போய்விட்டது. ஆகவே,

லாபம் = 69 − 4 × ப ÷ 100

இந்த விடையில் ந எங்கே? காணோம்! 27 கிலோ எடுத்தாலும் 40 கிலோ எடுத்தாலும் லாபம் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டாம். ஒரே வரியில் எல்லாருடைய கணக்கும் வந்துவிட்டது. கிலோவுக்கு 100 பைசா என்றால் லாபம் 69 − 4 = 65 ரூபாய். 200 பைசா என்றால் 69 − 8 = 61 ரூபாய்.

அதற்குப் பிறகும் கூலி உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இப்படியே போட்டுப் பார்க்கலாம். பழைய கூலி, புதிய கூலி, பழைய கிலோ, புதிய கிலோ. இந்த நான்கு எண் போதும்.

எழுத்து பொருளைக் குறிக்காது

இங்கே இன்னொரு குழி. பள்ளிப் பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கொழுந்து எடுக்கும் தாயும் பேசுவதைக் கேளுங்கள்.

"அம்மா, நாலரை கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் வரும் என்றுதானே சொன்னாய்?"

"ஆமாம்டி. நாலு கிலோ, நாலரை கிலோ ஆகும். ஈரம் எல்லாம் போக வேண்டாமா?"

"கொழுந்துக்கு கொ, தூளுக்கு தூ. நான் இப்படி எழுதியிருக்கிறேன். 4.5 × கொ = தூ. சரிதானே அம்மா?"

"எனக்கு உன் கொவும் தூவும் தெரியாது. எண்ணைப் போட்டுச் சொல்லு. 90 கிலோ கொழுந்து பாக்டரிக்குப் போகுது. எத்தனை கிலோ தூள் வரும்?"

"இரு அம்மா. 4.5 × 90... 405 கிலோ."

"ஏண்டி, 90 கிலோ இலையிலே 405 கிலோ தூளா? பாக்டரியிலே மந்திரவாதியா உட்கார்ந்திருக்கான்?"

மகள் சிரித்துவிட்டாள். பிறகு மாற்றி எழுதினாள்.

கொ = 4.5 × தூ
தூ = கொ ÷ 4.5

90 ÷ 4.5 = 20. தூள் 20 கிலோ. தாய் தலையை ஆட்டினார்.

மகள் ஏன் தவறினாள்? 'நாலரை கிலோ கொழுந்து' என்று வாயால் சொன்ன வரிசையிலேயே எழுதிவிட்டாள். கொ என்றால் கொழுந்து என்ற பொருள் என்று நினைத்துவிட்டாள். அப்படி அல்ல. கொ என்பது கொழுந்து எத்தனை கிலோ என்ற எண். கொழுந்தின் எண் பெரியது. தூளின் எண் சிறியது. சிறிய எண்ணை 4.5ஆல் பெருக்கினால்தான் பெரிய எண் வரும்.

தாய்க்கு எழுத்துக் கணக்கு தெரியாது. ஆனால் தவறைக் கண்டுபிடித்தது தாய்தான். தொழிலில் கிடைத்த அனுபவம் ஒரு தராசு. விடையை அந்தத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பொருந்தாத விடை அங்கேயே தெரிந்துவிடும்.

கூரையில் விழும் மழை

இனி ஒரு வீட்டுக் கணக்கு. நம் மலையில் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் கோடையில் குடம் தூக்க வேண்டியிருக்கிறது. கூரையில் விழும் தண்ணீரைப் பிடித்தால் எத்தனை லிட்டர் கிடைக்கும்?

மழையை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். முன்பு அங்குலத்தில் சொன்னார்கள். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று பொருள். இதை நினைவில் வைத்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

நீ = கூரை மூடும் இடத்தின் நீளம் (அடியில்)
அ = அதன் அகலம் (அடியில்)
ழ = மழை (மில்லிமீட்டரில்)

கூரையின் சரிவை அளக்க வேண்டாம். கூரைக்குக் கீழே உள்ள தரையை அளந்தால் போதும்.

20 அடி நீளம், 15 அடி அகலம் என்றால் 300 சதுர அடி. இதைச் சதுர மீட்டர் ஆக்க வேண்டும். ஒரு மீட்டர் சுமார் 3.28 அடி. அதனால் 300ஐ 3.28ஆல் வகுக்கலாமா? கூடாது. நீளத்தையும் மாற்ற வேண்டும். அகலத்தையும் மாற்ற வேண்டும். இரண்டு தடவை வகுக்க வேண்டும். 3.28 × 3.28 = சுமார் 10.76. ஆகவே ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.

தண்ணீர் (லிட்டரில்) = நீ × அ ÷ 10.76 × ழ

300 ÷ 10.76 = சுமார் 28 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 28 × 50 = 1400 லிட்டர். கொஞ்சம் சிதறும். கொஞ்சம் கசியும். ஆயிரம் லிட்டராவது தேறும். எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று இப்போது சொல்ல முடியும் அல்லவா?

ஐந்து படிகள்

எந்தக் கணக்கு வந்தாலும் இந்த ஐந்து படிகளில் ஏறுங்கள்.

1. கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள்.
2. தெரியாத எண்ணுக்கும் மாறுகிற எண்ணுக்கும் ஓர் எழுத்து வையுங்கள். பக்கத்திலேயே அளவையும் எழுதுங்கள்.
3. விடை எந்த அளவில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் அந்த அளவுக்கு மாற்றுங்கள்.
4. வாயால் சொல்லும் வாக்கியத்தை +, −, ×, ÷ போட்டு ஒரு வரியாக எழுதுங்கள்.
5. எண்ணைப் போட்டுப் பாருங்கள். விடை நடக்கக்கூடியதா என்று அனுபவத்தைக் கேளுங்கள்.

சிறு நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை நிறுத்ததும் எடையை அதில் எழுதுங்கள். தேதியும் எழுதுங்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் இருந்தால் சண்டை போட வேண்டாம். நோட்டைக் காட்டிக் கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்து நோட்டு வைத்தால் இன்னும் நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒருவர் 26 கிலோ 400 கிராம் கொழுந்து எடுத்தார். எடுக்க வேண்டியது 25 கிலோ. கூடுதல் கிலோவுக்கு 150 பைசா. கூடுதல் காசு எவ்வளவு ரூபாய்?

2. ஒருவர் வேலைக்குப் போக 40 நிமிடமும் திரும்பி வர 40 நிமிடமும் நடக்கிறார். மாதத்தில் ந நாள் வேலை. மொத்தம் எத்தனை மணி நேரம் நடக்கிறார்? எழுத்தில் எழுதுங்கள். ந = 24 என்றால் எவ்வளவு?

3. 100 சென்ட் ஓர் ஏக்கர். ச சென்ட் நிலம் எத்தனை ஏக்கர்? ச = 35 என்றால் எவ்வளவு?

4. தேவிகுளம் தாலுக்காவில் உள்ள ஆனைமுடிதான் தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். உயரம் 2,695 மீட்டர். இது சுமார் எத்தனை அடி?

விடைகள்

1. (26.4 − 25) × 150 ÷ 100 = 2 ரூபாய் 10 பைசா.
2. 2 × 40 × ந ÷ 60. ந = 24 என்றால் 32 மணி நேரம்.
3. ச ÷ 100. 35 சென்ட் என்பது 0.35 ஏக்கர்.
4. 2,695 × 3.28 = சுமார் 8,840 அடி. இன்னும் நுட்பமாக 3.2808ஆல் பெருக்கினால் 8,842 அடி வரும்.

இரண்டாம் கணக்கின் விடையை இன்னொரு முறை பாருங்கள். மாதத்தில் 32 மணி நேரம் நடை மட்டும்! நான்கு நாள் வேலைக்குச் சமமான நேரம் அது. நிமிடமாகச் சொன்னபோது அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. மணியாக மாற்றியதும் தெரிந்துவிட்டது. உழைப்பின் அளவு உழைக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்குத்தான் கணக்கு.